ஊட்னடாட்டா டிராக்கில் முதல் கூடாரப் பயணம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்தை, அங்குள்ளவர்கள் அவுட்பேக் என்று அழைக்கும் அந்தப் பெருவெளியை, தாமே வண்டி ஓட்டிச் சென்று கூடாரம் அடித்துத் தங்கிப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் எந்த வண்டி வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பாதை என்பதை. சிம்சன் பாலைவனத்தின் குறுக்கே செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். அது பழகியவர்களுக்கு உரியது. முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் உள்ள ஊட்னடாட்டா டிராக் என்னும் மண்சாலையைத்தான். அடிலெய்டுக்கு வடக்கே ஏறத்தாழ 685 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மரீ என்ற சிற்றூரில் தொடங்கி, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா ஆகிய இரண்டு ஊர்களைத் தொட்டு, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உள்ள மார்லாவில் அது முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். ஓர் எரிபொருள் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 200 முதல் 210 கிலோமீட்டர்தான் இருக்கும், மணல்மேடுகள் இல்லை, நடுவழியில் வில்லியம் கிரீக்கிலிருந்து, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உள்ள கூபர் பீடி என்ற ஊருக்கு விலகிச் செல்ல ஒரு கிளைச்சாலையும் உண்டு. இந்த மூன்று காரணங்களே ஒரு புதியவருக்குப் போதுமானவை.

இப்பாதை ஏன் இங்கே அமைந்தது என்பதை அறிந்துகொள்வது திட்டமிடுவதற்கே உதவும். கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பரப்பில் நிலத்தடியில் விரிந்துள்ள கிரேட் ஆர்ட்டீசியன் படுகையின் நீர், இந்தப் பகுதியில் நிலத்தின் மேல் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. அரபனா மக்களும் அவர்களுடைய அண்டைப் பழங்குடியினரும் நெடுங்காலமாக இந்த ஊற்றுகளை ஒட்டியே நடந்தும் பண்டமாற்றுச் செய்தும் வந்தனர். 1858 முதல் 1862 வரை இங்கே ஆய்வுப் பயணங்கள் மேற்கொண்ட ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் அதே ஊற்றுகளைப் பற்றிக்கொண்டே வடக்கே சென்றார். 1872-இல் முடிக்கப்பட்ட தந்தித் தடமும் அவர் வழியைப் பின்பற்றியது. நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் தேவைப்பட்ட ரயில்பாதையும் அதையொட்டியே 1891-இல் ஊட்னடாட்டாவை எட்டி, 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை நீண்டது. அடிக்கடி வெள்ளத்தில் அரிக்கப்பட்ட அந்தப் பழைய 'கான்' ரயில்பாதை 1980-இல் கைவிடப்பட்டது. தண்ணீர் கிடைக்கும் இடங்களை இணைத்துப் போட்ட கோடுதான் இன்றைய சாலை. உங்கள் திட்டமும் அடுத்த தண்ணீர் எங்கே, அடுத்த டீசல் எங்கே, இடையில் 2 நாள் சிக்கிக்கொண்டால் கையிருப்பு போதுமா என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை அதன் பிறகு எழுதலாம்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்மாதங்களில் மட்டுமே செல்லுங்கள். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் ஊட்னடாட்டாவில் 50.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. ஆஸ்திரேலியாவில் அதற்கு மேல் இதுவரை பதிவானதில்லை. கோடையில் வண்டி பழுதாகி நின்றால், உதவி வரும்வரை உயிரோடு இருப்பதே கேள்விக்குறியாகிவிடும். குளிர்காலத்தில் பகல் இதமாக இருக்கும். ஆனால் இரவில் வெப்பநிலை சில நாட்களில் பூஜ்யத்தை நெருங்கும் என்பதால், பாலைநிலம் என்று எண்ணி மெல்லிய போர்வையோடு செல்பவர்கள் உறங்க முடியாமல் அவதிப்படுகிறார்கள். பூஜ்யம் வரை தாங்கும் உறக்கப்பையும், தரையின் குளிர் ஏறாமல் தடுக்கும் தடித்த மெத்தையும் கட்டாயம் வேண்டும்.

காலத்தைப் போலவே மழையும் முக்கியம். இங்கு மழை அரிது. ஆனால் பெய்தால் களிமண் சாலை சில மணி நேரத்தில் சேறாகி, அரசு அதை மூடிவிடும். மாநிலப் போக்குவரத்துத் துறை வெளியிடும் உள்நாட்டுச் சாலை நிலவர அறிக்கையைப் புறப்படும் முன்பும், வழியில் இணைய இணைப்புக் கிடைக்கும் ஒவ்வோர் ஊரிலும் பாருங்கள். மூடிய சாலையில் ஓட்டுவது அபராதத்துக்குரிய குற்றம். அபராதத்தை விட்டாலும், ஈரமான சாலையில் நீங்கள் பதிக்கும் ஆழமான தடம் காய்ந்து இறுகி, அடுத்த முறை சாலை சீரமைக்கப்படும்வரை அங்கு வாழ்பவர்கள் அத்தனை பேருக்கும் தொல்லையாக இருக்கும். ஆகவே திட்டத்தில் குறைந்தது 2 நாட்களை வெறுமனே காத்திருப்பதற்காக ஒதுக்குங்கள். விமானச் சீட்டுக்கு முந்தைய நாள் மாலை திரும்பும்படி திட்டமிடுபவர்கள்தாம் மூடிய சாலையில் இறங்கத் துணிகிறார்கள்.

வண்டியும் ஆவணங்களும்

நன்கு காய்ந்திருக்கும் காலத்தில் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் போதிய இடைவெளி உள்ள சாதாரண வண்டிகளும் இப்பாதையைக் கடந்துவிடுகின்றன. இருப்பினும் புதியவர்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் செல்வதே நல்லது. காரணம் வேகமோ ஏற்றமோ அன்று, அவ்வண்டிகளின் டயர்களும் அடிச்சட்டமும் தாங்கும் உறுதிதான். வாடகைக்கு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வாடகை ஒப்பந்தங்கள் மண்சாலையில் ஓட்டுவதை அறவே தடை செய்கின்றன. சில, ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தந்துவிட்டு, குறிப்பிட்ட பாதைகளுக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று உள்ளே சிறு எழுத்தில் எழுதியிருக்கும். ஊட்னடாட்டா டிராக் என்ற பெயரைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் சம்மதம் பெறுங்கள்; இல்லையெனில் காப்பீடு செல்லாது. டயர்களுக்கும் அடிப்பகுதிச் சேதத்துக்கும் காப்பீடு பொருந்துமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் வருபவர்கள் தம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டே வண்டி ஓட்டலாம். அது ஆங்கிலத்தில் இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவைப்படும். இடப்புறமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நம்மவர்களுக்கு அந்த வகையில் தடுமாற்றம் இல்லை.

இப்பாதையில் வண்டியை நிறுத்தும் பழுதுகளில் டயர்தான் முதலிடம் பெறும். கிப்பர் எனப்படும் கூரிய கற்கள் பரவிய வெளிகள் பல இடங்களில் வரும். பக்கச்சுவர் மெல்லிய நகர டயர்கள் அங்கே கிழிந்துவிடும். பாரம் தாங்கும் லைட் டிரக் வகை டயர்களும், முழு அளவிலான 2 ஸ்டெப்னிகளும் இருக்க வேண்டும். சில வண்டிகளில் தரப்படும் சிறிய தற்காலிகச் சக்கரத்தை ஸ்டெப்னியாகக் கணக்கில் கொள்ளாதீர்கள். அவற்றோடு பஞ்சர் ஒட்டும் பெட்டி, காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர், காற்றழுத்தமானி, ஜாக்கி, ஜாக்கியை மென்மண்ணில் நிற்க வைக்க ஒரு தடித்த பலகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். நட்டுகள் எந்திரத்தால் இறுக்கப்பட்டிருந்தால் கைச்சாவியால் அசைக்கவே முடியாது என்பது அப்போதுதான் தெரியவரும். ரேடியேட்டர் குழாய், ஃபேன் பெல்ட், பேட்டரி, ஏர் ஃபில்டர் ஆகியவற்றை மெக்கானிக் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதும் அவசியம்.

கடைகளில் விற்கும் மின்னும் கருவிகள் பலவற்றை நீங்கள் வாங்கத் தேவையில்லை. கூரைமேல் பாரம் ஏற்றுவதைக் கூடியவரை தவிருங்கள். வண்டியின் மேற்பகுதி கனத்தால் சரளையில் அது எளிதாகக் கவிழும். முதல் பயணத்தில் பின்னால் இழுவை வண்டி எதையும் மாட்டாதீர்கள்.

தண்ணீர், எரிபொருள், உணவு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கிடுங்கள். குடிக்க, சமைக்க, துலக்க என எல்லாம் இதில் அடங்கும். மிஞ்சுவது அவசரக் கையிருப்பு. இருவர் 5 நாளைக்கு 100 லிட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஒரே தொட்டியில் நிரப்பாமல் 10 அல்லது 20 லிட்டர் கேன்களில் பிரித்து வையுங்கள். குலுக்கலில் ஒரு கேன் ஓட்டையானாலும் மற்றவை தப்பும். வழியில் ஆழ்துளைக் கிணற்று நீர் கிடைக்கும் இடங்கள் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் உவர்ப்பு மிக்கது. குளிக்க ஆகும், குடிக்க ஆகாது. கால்நடைத் தொட்டிகளை நம்பியும் புறப்படக் கூடாது.

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 11 அல்லது 12 லிட்டர் குடிக்கும் வண்டி, மண்சாலையில் 15 லிட்டர் வரை குடிக்கலாம். மரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய நான்கிலும் எரிபொருள் உண்டு. ஒவ்வொன்றிலும் நிரப்பிக்கொண்டால் சாதாரணத் தொட்டியே போதும். ஆனால் ஓர் ஊரின் பங்க்கில் சரக்குத் தீர்ந்திருக்கலாம், அல்லது பாதி வழி சென்று வெள்ளம் மறித்துத் திரும்ப நேரலாம். அதற்காக 20 லிட்டர் கேன் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். கேனை மக்கள் அமரும் இடத்தில் வைக்காதீர்கள். நகரத்தைவிட எரிபொருள் விலை மிக அதிகம் என்பதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அந்த டீசல் வந்த தூரத்தையே நீங்களும் ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

உணவில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. பழ ஈ பரவாமல் காக்கத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பிற மாநிலங்களிலிருந்து பழங்களையும் பல காய்கறிகளையும் கொண்டுவரத் தடை இருக்கிறது. மெல்பர்னிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வருபவர்கள் யாம்பா, ஊட்லா வீரா போன்ற இடங்களில் உள்ள சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்படுவார்கள். தக்காளியும் பச்சைமிளகாயும் கத்திரிக்காயும்கூடப் பிடிபடும், உடனடி அபராதமும் உண்டு. ஆகவே காய்கறிகளை, அடிலெய்டிலிருந்து செல்லும் வழியில் வரும் போர்ட் அகஸ்டாவில் வாங்குவதே சரி. பெரிய கடைகள் உள்ள கடைசி ஊரும் அதுதான். அரிசி, பருப்பு, அவல், ரவை, புளி, ரசப்பொடி ஆகியவற்றோடு ஒரு சிறு பிரஷர் குக்கர் இருந்தால் எரிவாயுவும் தண்ணீரும் பெருமளவு மிச்சமாகும். பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, அதன் பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் கழுவலாம். திட்டமிட்டதைவிட 3 நாளுக்கு அதிகமாக உணவு இருக்க வேண்டும்.

தொடர்பும் தகவலும்

ஊர்களுக்கு வெளியே கைபேசி இணைப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்களிலும் டெல்ஸ்ட்ரா தவிர மற்ற நிறுவனங்களின் சிம் அட்டைகளை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வதோடு, அச்சிட்ட வரைபடம் ஒன்றும் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் மூன்று கருவிகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். முதலாவது, பிஎல்பி எனப்படும் கையடக்க அபாய அறிவிப்புக் கருவி. அதன் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோள் வழியாக உங்கள் இருப்பிடம் மீட்பு மையத்துக்குச் செல்லும். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்ய வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே இயக்க வேண்டும். வாடகைக்கும் கிடைக்கும். இரண்டாவது, செயற்கைக்கோள் தொலைபேசி. டயர் கிழிந்தது, சாலை மூடியது போன்ற உயிராபத்து இல்லாத தொல்லைகளில் இதுவே கைகொடுக்கும். மூன்றாவது, யுஎச்எஃப் வானொலி. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருப்பவர்களோடு பேச உதவும் இதில் 40-ஆம் அலைவரிசையைக் கனரக வண்டி ஓட்டுநர்கள் பயன்படுத்துகிறார்கள். 5-ஆம் அலைவரிசையும் 35-ஆம் அலைவரிசையும் அவசர அழைப்புக்கு மட்டுமே உரியவை. மூன்றில் ஒன்றுதான் இயலும் என்றால் பிஎல்பியைத் தேர்ந்தெடுங்கள்.

இவற்றைவிட எளியதும் பலர் மறப்பதுமான ஏற்பாடு ஒன்று உண்டு. ஊரில் இருக்கும் பொறுப்பான ஒருவரிடம் உங்கள் வழித்தடத்தையும், வண்டி எண்ணையும், எந்த நாள் எந்த ஊரிலிருந்து பேசுவீர்கள் என்பதையும், எந்த நேரத்துக்குள் பேசாவிட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

நாள்வாரியாக வழி

முதல் நாள் அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா வழியாக, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள ஹாக்கர் வரை செல்லலாம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், முழுவதும் தார்ச்சாலை. மறுநாள் பராச்சில்னா, லீ கிரீக், லிண்ட்ஹர்ஸ்ட் ஆகியவற்றைக் கடந்து ஃபரீனாவில் தங்குங்கள். கோதுமை விளையும் என்று நம்பி 19-ஆம் நூற்றாண்டில் குடியேறி, மழை பொய்த்துக் கைவிடப்பட்ட ஊர் அது. இன்று கல் இடிபாடுகளும் ஒரு முகாமிடமும் உள்ளன. முதன்முறை கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, எதை மறந்தோம் என்று கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை, ஏனெனில் மறந்ததை வாங்க இன்னும் திரும்பிச் செல்லலாம்.

மூன்றாம் நாள் மரீயில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மண்சாலையில் இறங்குங்கள். ரயில் வருவதற்கு முன்பும் பின்பும் இந்நிலத்துக்குச் சரக்குச் சுமந்த ஒட்டகக்காரர்கள் இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் குடியேறிய மரீயில் அவர்களுடைய பழைய மசூதியின் மாதிரி ஒன்று உள்ளது. மரீயிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் கட்டி தண்டா–ஐர் ஏரியின் தென்பகுதி சாலையை ஒட்டி வரும். ஏறத்தாழ 9,500 சதுர கிலோமீட்டர் பரப்பும், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 15 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த உப்பேரி பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் வெண்படுகையாகவே கிடக்கும். பதிவானவற்றில் மிகப் பெரிய நிரம்பல் 1974-இல் நிகழ்ந்தது. இது அரபனா மக்களின் புனித இடம். பார்வையிடத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படுகையில் வண்டியை இறக்குவது தடை செய்யப்பட்டது, மேலோட்டின் கீழே இருக்கும் சேறு வண்டியை விழுங்கவும் செய்யும். ஏரியை முழுமையாகப் பார்க்க விரும்புவோர் மரீயிலிருந்தோ வில்லியம் கிரீக்கிலிருந்தோ சிறு விமானத்தில் செல்லலாம்.

அன்றிரவு தங்க வேண்டிய இடம் மரீயிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் உள்ள கவர்ட் ஸ்பிரிங்ஸ். பழைய ரயில் நிலையக் கட்டடங்கள், பேரீச்ச மரங்கள், வெதுவெதுப்பான ஊற்றுநீர்த் தொட்டி, நாணல் சூழ்ந்த சதுப்பு ஆகியவை கொண்ட முகாமிடம் அது. இயன்றால் இங்கே 2 இரவு தங்குங்கள். சற்றுத் தெற்கே வாப்மா கடர்பு காப்பகத்தில் பப்ளர், பிளாஞ்ச் கப் என்ற இரண்டு ஊற்றுமேடுகள் உள்ளன. நீரில் கரைந்து வந்த தாதுக்கள் படிந்து படிந்து உயர்ந்த மேட்டின் உச்சியில், சுற்றிலும் வறண்ட வெளி கிடக்க, தெளிந்த நீர் கொப்பளித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். ஊற்றில் குளிக்கவும் கூடாது.

அங்கிருந்து வில்லியம் கிரீக் 75 கிலோமீட்டர். விரல்விட்டு எண்ணக்கூடிய மக்களே வாழும் இந்த ஊரைச் சூழ்ந்திருக்கும் அன்னா கிரீக், ஏறத்தாழ 23,600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, உலகின் மிகப் பெரிய மாட்டுப்பண்ணை. முன்னே வானம் இருண்டிருந்தாலோ, டயர் ஒன்று ஏற்கெனவே போயிருந்தாலோ, பயணத்தை இங்கே முறித்துக்கொண்டு ஏறத்தாழ 165 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூபர் பீடிக்கு விலகிவிடுங்கள். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக இருந்தால், அடுத்த இரவை நீல்ஸ் ஆற்றின் அல்ஜபக்கினா நீர்நிலை அருகே கழிக்கலாம். அங்கே உள்ள 578 மீட்டர் நீளமான இரும்பு ரயில் பாலம், ஆண்டின் பெரும்பகுதி வறண்டிருக்கும் ஆற்றுக்கு எதற்கு என்ற ஐயத்தை எழுப்பும். கரையோர மரக்கிளைகளில் சிக்கியிருக்கும் வெள்ளச் சருகுகளின் உயரத்தைப் பாருங்கள். மறுநாள் ஊட்னடாட்டாவில் எரிபொருள் நிரப்பி, 210 கிலோமீட்டர் கடந்து மார்லாவை அடையலாம். மார்லாவுக்கு மேற்கே உள்ள அனங்கு பழங்குடி மக்களின் நிலங்களுக்குள் முன்அனுமதியின்றிச் செல்லக் கூடாது.

மண்சாலையில் ஓட்டும் முறை

தார்ச்சாலை முடிந்ததும் வண்டியை நிறுத்தி டயர் அழுத்தத்தைக் குறையுங்கள். நெடுஞ்சாலையில் 38 பிஎஸ்ஐ வைத்திருந்தால் சரளைக்கு 28 அளவுக்கு இறக்கலாம். வண்டியையும் பாரத்தையும் பொறுத்து இது சற்று மாறும். மென்மையான டயர் கல்லின் மேல் வளைந்து கொடுக்கும், கிழியாது. ஆனால் அழுத்தம் குறைந்த டயரை வேகமாக ஓட்டினால் சூடேறி வெடிக்கும் என்பதால், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பல இடங்களில் சாலை தகரக்கூரையைப் போல் நெளிநெளியாக இருக்கும். அதிர்வு பொறுக்க முடியாமல் சிலர் வேகத்தைக் கூட்டி நெளிவுகளின் மேல் மிதந்து செல்ல முயல்கிறார்கள். அதிர்வு குறையும் என்பது உண்மைதான், ஆனால் டயருக்குத் தரையோடு பிடிப்பும் குறைந்து, வளைவில் வண்டி கைமீறிப் போகும். மெதுவாகச் சென்று, அவ்வப்போது நிறுத்தி, சக்கர நட்டுகளும் கட்டிய பொருட்களும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரோடு டிரெயின் எனப்படும் பல பெட்டி லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே ஒன்று வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்புறம் ஒதுங்கி, புழுதி அடங்கும்வரை நின்றுவிடுங்கள். அந்தப் புழுதிக்குள் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம். மாலை மங்கிய பின்னும் விடிவதற்கு முன்னும் ஓட்டாதீர்கள், கங்காருக்கள் சாலையில் நடமாடும் நேரம் அது. குறுக்கே விலங்கு பாய்ந்தால் திருப்பாமல் நேராகவே பிரேக் போடுங்கள். விலங்கைத் தவிர்க்கத் திருப்பித்தான் பெரும்பாலான வண்டிகள் கவிழ்கின்றன. சாலையைத் தண்ணீர் கடந்து ஓடினால், ஓட்டம் வடியும்வரை காத்திருங்கள். வழியில் கதவு வந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும்.

முகாமிடுதல்

முகாமிடங்கள் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் நிலம் பண்ணைகளுடையது. தெற்கு ஆஸ்திரேலியச் சட்டப்படி, அத்தகைய மேய்ச்சல் நிலத்தில் வீடு, கொட்டகை முதலிய கட்டடங்களிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும், கால்நடைகளுக்காக அமைத்த நீர்த்தொட்டி அல்லது அணையிலிருந்து 500 மீட்டருக்குள்ளும் கூடாரம் அடிக்கக் கூடாது. நீங்கள் தொட்டியருகே அமர்ந்திருந்தால் மிரண்ட மாடுகள் இரவு முழுவதும் தண்ணீர் குடிக்க வராது.

வறண்ட ஆற்றுப்படுகையின் மணல் படுக்க மெத்தென்று இருக்கும். ஆனால் எங்கோ தொலைவில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரலாம். ஆற்றோர யூகலிப்டஸ் மரங்கள் காற்று இல்லாமலே பெருங்கிளைகளை உதிர்க்கும் இயல்புடையவை, ஆகவே அவற்றின் கீழும் வேண்டாம். மாலை 4 மணிக்கே இடம் பார்த்துவிடுங்கள். உணவையும் காலணிகளையும் வண்டிக்குள் வையுங்கள். டிங்கோ நாய்கள் இரண்டையும் தூக்கிச் செல்லும். பூங்கா நிலங்களில் விறகு பொறுக்கக் கூடாது, தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் நெருப்பே மூட்டக் கூடாது. கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தையும் மற்றக் குப்பையையும் பையில் கட்டி ஊருக்குக் கொண்டுவாருங்கள். பகலில் ஈக்கள் கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும். முகவலை அணிந்தால் பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இரண்டாம் நாளில் எல்லோரும் அணிந்துகொள்கிறார்கள்.

சிக்கிக்கொண்டால்

வண்டி மணலிலோ சேற்றிலோ புதைந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிடாதீர்கள், அது இன்னும் ஆழமாகவே இறங்கும். இறங்கி, மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும் பின்னும் அள்ளுங்கள். மணலாக இருந்தால் டயர் அழுத்தத்தை 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

வண்டி நகரவே இல்லையென்றால், அதைவிட்டு எங்கும் செல்லாதீர்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. 1998-ஆம் ஆண்டு டிசம்பரில், கட்டி தண்டா–ஐர் ஏரியின் ஹாலிகன் விரிகுடாப் பகுதியில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இருவரின் வண்டி மணலில் புதைந்தது. உதவி தேடி வில்லியம் கிரீக்கை நோக்கி நடந்த பெண் வழியிலேயே வெயிலில் இறந்தார். வண்டியருகே இருந்த அவருடைய துணைவர் உயிர் பிழைத்தார். வானிலிருந்து தேடுபவர்களுக்கு நடந்துசெல்லும் மனிதர் தெரியமாட்டார், வண்டி தெரியும். நிழலும் தண்ணீரும் கண்ணாடியும் ஸ்டெப்னியும் அங்கேதான் உள்ளன. பகலில் கண்ணாடியால் ஒளிகாட்டலாம், டயரை எரித்துக் கரும்புகை எழுப்பலாம்.

கைபேசி இணைப்பு இருந்தால் அவசர எண் 000. கைபேசியிலிருந்து 112-ஐயும் அழைக்கலாம். கடும் நோய்க்கும் காயத்துக்கும் 1928-இல் தொடங்கப்பட்ட ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ் விமானத்தில் மருத்துவரை அனுப்புகிறது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கழுவாமலும் கீறாமலும், கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் அகலமான மீள்கட்டுத் துணியால் இறுக்கமாகச் சுற்றி, சிம்பு வைத்து, கடிபட்டவரை அசையாமல் படுக்க வைத்துவிட்டு உதவியை அழைக்க வேண்டும். அத்தகைய கட்டுத்துணிகள் 3 இருக்கட்டும்.

மார்லாவை அடைந்ததும்

தார்ச்சாலை கண்டவுடன் வேகமெடுக்கத் தோன்றும். முதலில் டயர்களில் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, பக்கச்சுவர்களில் வெட்டுகள் உள்ளனவா என்று கையால் தடவிப் பாருங்கள். சக்கர நட்டுகளை இறுக்குங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் புழுதியை உதிர்த்து, ரேடியேட்டரின் முன் அடைந்திருக்கும் புல்லையும் பூச்சிகளையும் நீக்குங்கள். இங்கிருந்து கூபர் பீடி 235 கிலோமீட்டர். அதற்கு அப்பால் போர்ட் அகஸ்டா 540 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம், கங்காருக்கள் இந்த நெடுஞ்சாலையிலும் அந்தியில் வரும். புறப்படும் முன், வழித்தடத்தை எழுதிக் கொடுத்திருந்தவரை அழைத்து மண்சாலையைக் கடந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கூபர் பீடியில் நிலத்தடி அறையில் உறங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் காவல்துறையை அழைத்து உங்களைத் தேடச் சொல்லிவிடக் கூடாது.